புது லினக்ஸை வீட்டு சிஸ்டத்தில் ஓட்டிப் பார்க்கலாமா? தக்கலையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலையில் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பத்திர டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டே கேட்கிறார்கள்: "அண்ணே, நம்ம சிஸ்டத்துல பதினொண்ணு ஏறாதுன்னு காட்டுது, இனி என்ன செய்ய?"

அதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பரில், லினக்ஸ் மின்ட் 22.2 வந்திருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ், அதில் ஒரு வகை மின்ட். முதலில் என் வீட்டு மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அக்கம்பக்கத்து லேப்டாப்களில். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

இதைப் போட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிறது எல்லாம் அழிந்துவிடுமா?

போடுவது வேறு, ஓட்டிப் பார்ப்பது வேறு. நான் சொல்ல வருவதே இந்த வித்தியாசத்தைத்தான்.

லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். இதற்கு 'லைவ்' என்று பெயர். முழு டெஸ்க்டாப்பும் வரும், இன்டர்நெட் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கடிதம் டைப் பண்ணலாம். எல்லாம் ரேமில் ஓடும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நீங்களாக ஒன்றும் செய்யாதவரை அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். கணினியை அணைத்துப் பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி போட்டால், பழைய விண்டோஸ் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வரும்.

டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு படம் இருக்கும். ஒரு வாரத்துக்கு அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஏன் மின்ட்? வேறு லினக்ஸ் இல்லையா?

நிறைய இருக்கிறது. உபுண்டு 2004-இலிருந்து வருகிறது. டெபியன் இன்னும் மூத்தது, 1993. அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. மின்ட் 2006-இல் தொடங்கியது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பை அடித்தளமாக வைத்து மேலே தன் டெஸ்க்டாப்பைக் கட்டுகிறது. 22 வரிசை முழுக்க உபுண்டு 24.04 மேல் நிற்பதால் 2029 வரை அப்டேட் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு பெண்கள் பெயர் வைப்பார்கள்: வில்மா, சியா, 22.2-க்கு ஜாரா.

நான் மின்ட்டைச் சொல்வதற்குக் காரணம் சாதாரணமானது. இடது மூலையில் மெனு, கீழே ஒரு பட்டை, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 காலத்திலிருந்து கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. அறுபது வயசுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க எளுப்பம். உங்கள் வீட்டில் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை இருந்தால் டெபியனே போடட்டும், நான் தடுக்க மாட்டேன்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் ஓடுமா?

இந்தக் கேள்விதான் அதிகம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் நம் மாவட்டத்தில் அனேக வீட்டு அலமாரியில் தூங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் டெபியனை வைத்து உருவாக்கியது அது. ஆன் பண்ணும்போது இரண்டு வரி காட்டும். பிள்ளைகள் விண்டோஸ் வரியை மட்டும் அமுக்கிப் பழகினார்கள்.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்ததால் பாச்சா உருண்டை வாசம் அடித்தது. திறந்தால் மூடியின் கீல் ஒருபக்கம் துருப்பிடித்துக் கிறீச்சென்றது. பேட்டரி உப்பி, அடிப்பலகை சமமாக உட்காரவில்லை. பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உப்பிய பேட்டரியோடு எதையும் சோதிக்காதீர்கள், முதல் வேலை அதைக் கழற்றுவதுதான்.

மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். வசதியாக ஓட 4 ஜிபி, 100 ஜிபி. டீச்சரின் லேப்டாப்பில் இருந்தது 2 ஜிபி. டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் மூன்றாவது டேப் திறந்ததும் மவுஸ் நகர மறுத்தது. இது லினக்ஸின் குற்றமில்லை, இன்றைய இணையப் பக்கங்களின் எடை அப்படி. ஒரு பழைய டிடிஆர்3 ரேம் சேர்த்து 4 ஜிபி ஆக்கிய பிறகு மூச்சு விட்டது. மின்ட்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று டெஸ்க்டாப்கள் உண்டு. பழைய லேப்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். கடைசியில் இன்ஸ்டால் செய்வதானால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது.

என்னுடையது 32 பிட் சிஸ்டம்.

மின்ட் 22 ஓடாது. டெபியன் 12-இல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் இருந்தது, 13-இல் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பழைய சிஸ்டத்துக்கு நான் நேரம் செலவழிக்க மாட்டேன். ஆனால் முதலில் சரிபாருங்கள்: 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கிற பிராசஸர் 64 பிட்டாக இருப்பது சகஜம்.

எவ்வளவு டேட்டா போகும்? தினம் ஒன்றரை ஜிபி பிளான்தான் இருக்கிறது.

மின்ட் முழுவதும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வரும், அது கிட்டத்தட்ட 3 ஜிபி. ஒன்றரை ஜிபி பிளானில் ஒரே நாளில் முடியாது. டோரன்ட்டில் இறக்கினால் இன்று பாதி, நாளை பாதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லையென்றால் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கேளுங்கள்.

இறக்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, இறக்கும் இணைப்பைத் தங்கள் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று 17.3 சின்னமன் இறக்கியவர்களில் சிலருக்குப் பின்கதவு வைத்த கோப்பு கிடைத்தது. அதனால் தளத்தில் தரும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி) உங்கள் கோப்பின் எண்ணை ஒத்துப் பாருங்கள். 64 எழுத்து நீளம் இருக்கும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தே எண் எடுக்கலாம். அறுபத்து நான்கையும் உரக்கப் படிக்க வேண்டாம், முதல் எட்டும் கடைசி எட்டும் பொருந்தினால் எனக்குப் போதும். இறக்கம் பாதியில் கெட்டிருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

பென் டிரைவில் அந்தக் கோப்பைக் காப்பி பண்ணினால் போதுமா?

போதாது. அப்படிக் காப்பி பண்ணிக்கொண்டு "பூட் ஆகலியே" என்று வந்தவர்கள் பலர். ரூஃபஸ் அல்லது எட்ச்சர் என்ற மென்பொருளால் 'எழுத' வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருந்தது எல்லாம் போய்விடும், எனவே கல்யாண ஆல்பம் வந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டு வராதீர்கள். யூஎஸ்பி 3 என்றால் நல்லது. சந்தை விலைக்குப் பாதியில் கிடைக்கிற பெயரில்லாத பென் டிரைவில் லைவ் ஓட்டிவிட்டு லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை.

பென் டிரைவைச் செருகினேன், வழக்கம்போல விண்டோஸ்தான் வருகிறது.

ஆன் பண்ணின கையோடு பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா, ஏசரில் எஃப்12. ஏசரில் சில சமயம் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற செட்டிங்ஸ் திரை) போய் எஃப்12 மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். அசெம்பிள் செய்த சிஸ்டமென்றால் மதர்போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12.

கறுப்புத் திரையிலேயே நின்றுவிட்டால் மறுபடி கிளப்பி, முதல் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டங்களுக்கு இது வேண்டியிருக்கும்.

லைவில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எல்லாருக்கும் முதல் பத்து நிமிடம் அழகாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அன்றாடம் நடக்கிற வேலையை அதில் செய்து பாருங்கள்.

டீச்சரிடம் சுவர்ப்படம் மாற்றுவது, நிறம் மாற்றுவது எல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். "மக்கா, இந்தச் சிங்காரமெல்லாம் எனக்கெதுக்கு? துபாய்ல இருக்கவன் மொகம் தெரியணும், சொல்லுகது கேக்கணும்" என்றார். சரியென்று பிரவுசரில் கூகுள் மீட் திறந்தோம். முகம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், ஒலி எச்டிஎம்ஐ வழியாக இல்லாத டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியீட்டை உள் ஸ்பீக்கருக்கு மாற்றியதும் "அம்மா, கேக்குதா?" என்று மகன் குரல் வந்தது. பிறகு மைக்கும் அதேபோல. இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை. ஆனால் இன்ஸ்டால் செய்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பிறகு இது நடந்திருந்தால், இரவு ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்திருக்கும்.

அடுத்து வைஃபை. பெரும்பாலும் தானாக வரும். சில பிராட்காம், ரியல்டெக் சிப்களுக்கு டிரைவர் தனியாக இறக்க வேண்டும். வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள், லினக்ஸ் அதை உடனே இன்டர்நெட்டாக எடுத்துக்கொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் என்ன தேவையென்று அதுவே சொல்லும்.

மூடியை மூடித் திறந்து பாருங்கள். தூங்கிய லேப்டாப் எழுந்து வருகிறதா, எழுந்த பிறகு வைஃபை திரும்ப ஒட்டிக்கொள்கிறதா? பழைய லேப்டாப்களில் சறுக்குகிற இடம் இது.

அப்புறம் பிரிண்டர். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பிரிண்டர் வேலை செய்யுமா?

வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் டிரைவர் எதுவும் கேட்காமலே வந்து நிற்கும். எப்சன் இங்க் டேங்க் வகைகளில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. எச்பிக்கு எச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கிறது. சில சிறு லேசர் பிரிண்டர்களுக்கு அதோடு ஒரு பிளக்இன்னும் இறக்க வேண்டும். கேனன் எல்பிபி 2900 மாதிரி கேப்ட் முறையில் பேசுகிற பழைய லேசர்களுக்குத் தனி டிரைவர் தேவை, அதைப் போட்டு நிறுத்துவது பொறுமைசாலிகளின் வேலை. என் கடையிலும் ஒரு பழைய லேசர் பிரிண்டர் இப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அதை இன்றைக்கும் விண்டோஸ் சிஸ்டத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

அதனால் லைவில் இருக்கும்போதே பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' திறந்து ஆதார் கார்டை ஒருமுறை ஸ்கேன் பண்ணுங்கள். அது வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

தமிழ் டைப் பண்ண முடியுமா?

நன்றாகவே முடியும். ஆனால் முதலில் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கீபோர்டு செட்டிங்ஸில் 'தமிழ் 99' என்று ஒரு வரி இருக்கிறதே என்று அதைச் சேர்ப்பார்கள். எழுத்து விழும், ஆனால் தமிழ்99 பழகிய கைக்கு அது தமிழ்99 ஆகத் தெரியாது. காரணம், 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் முடிவான அந்த முறையின் உயிரே அதன் விதிகளில் இருக்கிறது. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டாவது முறை வரும்போது முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். 'தம்பி'க்கு த, ம, ப, இ. ம-வுக்குப் பின் ப வருவதால் புள்ளி தானாக. செட்டிங்ஸில் இருக்கும் சாதாரணத் தளக்கோலத்துக்கு முன்னால் என்ன எழுத்து வந்தது என்ற ஞாபகமே கிடையாது. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே வைக்க வேண்டியிருக்கும்.

மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து, தமிழுக்குப் போய், ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதோடு எம்17என் என்ற தளக்கோலத் தொகுப்பும் நிறுவுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் தமிழ்99, போனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் பட்டியலில் இருக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த அக்காமார்கள் டைப்ரைட்டர் முறையைப் பார்த்ததும் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேற்கே களியக்காவிளை, அருமனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மலையாளமும் கேட்பார்கள். அதே பட்டியலில் மலையாளத்தையும் சேர்த்து ஒரு கீ தட்டி மாற்றிக்கொள்ளலாம். எழுத்துருவுக்கு நோட்டோ, லோகித் போதும். மீரா இனிமை என்று ஒரு தமிழ் எழுத்துரு உண்டு, கல்வெட்டுச் சாயலில் கனமாக இருக்கும். அதை வெளியிட்டது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளக் குழு. நம் ஊர்க்காரனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மெனுவையும் தமிழுக்கு மாற்றலாம். பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வரும். எனக்குப் பிடிப்பதில்லை, உங்கள் விருப்பம்.

வானவில், பாமினியில் அடித்த பழைய கோப்புகள்?

திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் லிப்ரேஆபிஸில் (லினக்ஸில் எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலானது) சரியாகத் தெரியும். தெரிவது வேறு, அதே முறையில் புதிதாக அடிப்பது வேறு. அடிக்கும் மென்பொருள் விண்டோஸுக்கானது. இதற்காகவே கடையில் ஒரு விண்டோஸ் சிஸ்டத்தை விட்டுவைத்திருக்கிறேன். வீட்டில் பழைய கடிதங்கள் மட்டும்தான் என்றால் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

படமெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதே, சி-யில் மட்டும் லினக்ஸ் போட்டால் என்ன?

இங்கேதான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

சி, டி, ஈ என்று விண்டோஸ் காட்டுவது பெரும்பாலான வீடுகளில் ஒரே டிஸ்க்கின் மூன்று துண்டுகள். ஒரு விளையை வரப்பு போட்டு மூன்றாகப் பிரித்த மாதிரி. மின்ட் இன்ஸ்டாலரில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் வரப்பு உட்பட மொத்த விளையும் போகும். லினக்ஸுக்கு சி, டி என்ற பெயர்களே தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், லினக்ஸ் தெரியும் என்ற மிதப்பில், அக்காள் வீட்டு சிஸ்டத்தில் அந்த வரியை நானே அமுக்கினேன். டி-யில் அவள் கல்யாணப் படங்கள் இருந்தன. ஸ்டுடியோவில் கேட்டால் நெகட்டிவ் காலம் போய்விட்டது, அவர்களிடமும் நகல் இல்லை. போட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டினேன். நிறையப் படங்கள் திரும்ப வந்தன, ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய், எல்லாம் எஃப் என்ற எழுத்தும் நீள நீள எண்ணுமாக. தாலி கட்டுகிற படத்துக்குப் பக்கத்தில் ஏதோ வெப்சைட்டின் பட்டன் படம். அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான், இன்றைக்கும் என்னைக் கண்டால், "மாப்ளே, எங்க வீட்டு டிவியில கைவச்சிராத" என்பார்.

ஆகவே முதலில் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் இரண்டு படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு அந்த வெளி டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டு இன்ஸ்டாலரைத் தொடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் பட்டியலில் அதுவும் ஒரு டிஸ்க்காக நிற்கும், கை தவற வாய்ப்பு கொடுக்கக் கூடாது.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸும் போடலாமா?

போடலாம். விண்டோஸுக்குள் இருந்தே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து ஒரு துண்டைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குங்கள், பிறகு இன்ஸ்டாலரில் 'அருகில் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், அணைத்தது போலத் தெரிந்தாலும் அது அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதை நிறுத்துங்கள். இரண்டாவது, புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் என்று டிஸ்க்குக்கு ஒரு பூட்டு தானாகவே போட்டு வந்திருக்கும். பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு செட்டிங்கில் கைவைத்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண் கேட்டு மறித்து நிற்கும். எண்ணை முன்பே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மின்ட் செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும் என்பதால் பெரும்பாலும் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

லினக்ஸ் ஓட்டிவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறதே? பேட்டரி போய்விட்டதா?

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் பேட்டரியை மாற்றாதீர்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் நம் ஊர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது. அதில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். லினக்ஸ் இன்டர்நெட்டில் நேரம் பார்த்துத் தன் கணக்குப்படி அந்தக் கடிகாரத்தைத் திருத்திவைக்கும், காலை பத்து மணிக்கு விண்டோஸ் வந்து நாலரை என்று வாசிக்கும். லைவில் ஓட்டியதற்கே இப்படி ஆகலாம்.

விண்டோஸில் நேர செட்டிங்ஸுக்குப் போய் 'சிங்க் நவ்' அமுக்கினால் சரியாகிவிடும். இரண்டையும் நிரந்தரமாக வைத்திருப்பவர்கள், உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் ஒரு வரிக் கட்டளையில் சொல்லிவிடலாம். இதே ஐந்தரை மணிக்காக மதர்போர்டின் சிமோஸ் பேட்டரியை மாற்றிவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும்.

இன்ஸ்டால் நடக்கும்போது கரண்டு போனால்?

லைவில் என்றால் ஒன்றுமில்லை, மறுபடி கிளப்பலாம். இன்ஸ்டால் பாதியில் என்றால் பெரும்பாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். டிஸ்க்கைச் சுருக்குகிற கட்டத்தில் போனால் விண்டோஸ் பகுதிக்கும் ஆபத்து. டீச்சரின் லேப்டாப் மாதிரி பேட்டரி கழற்றியது என்றால் அது வெறும் டெஸ்க்டாப்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். நான் அதைக் கடைக்குக் கொண்டுவந்து கடை யூபிஎஸ்ஸில் போட்டுத்தான் முடித்தேன்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலையைக் காலையிலேயே முடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் வேளிமலைப் பக்கம் கறுத்தால் நான் பிளக்கையும் ரவுட்டரின் கேபிளையும் உருவிவிடுவேன். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் நாள்கணக்காக இருட்டில் இருந்த ஊர் இது, எனக்கு அந்தப் பயம் போகவில்லை. முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை வீடுகளில் இன்னொன்று: உப்புக்காற்றில் ரேமின் காலில் பச்சை பூக்கும். லைவ் காரணமில்லாமல் உறைந்து நின்றால் லினக்ஸைத் திட்டுவதற்கு முன் ரேமைக் கழற்றி, வெள்ளை ரப்பரால் துடைத்துப் பொருத்திப் பாருங்கள்.

வைரஸ் வராதாமே, உண்மையா?

வரவே வராது என்பது பொய். ஆனால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் சுற்றுகிற பென் டிரைவ் 'ஷார்ட்கட் வைரஸ்' லினக்ஸில் ஓடாது. அது உங்கள் ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அந்தப் பென் டிரைவை மின்ட்டில் செருகினால் ஒளித்த ஃபோல்டரும் ஷார்ட்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். "எல்லாம் போச்சு அண்ணே" என்று பயோடேட்டாவைத் தேடிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன். லினக்ஸுக்கு மாறாதவர்கள்கூட ஒரு லைவ் பென் டிரைவ் செய்து மேசை டிராயரில் போட்டு வைப்பது இதற்காகவே தகும்.

டேலி, டிஜிட்டல் கையெழுத்து, கேம்ஸ்?

டேலி விண்டோஸுக்கானது. கடைக் கணக்கு அதில் இருந்தால் அந்த சிஸ்டத்தை மாற்றாதீர்கள். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் வைத்துத் தாக்கல் செய்பவர்களும் அப்படியே. பிரவுசரில் நடக்கிற வேலைகளுக்கு, விண்ணப்பம், வங்கி, ஜிஎஸ்டி தளம், வித்தியாசமே தெரியாது. வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் தனி செயலி இல்லை, வாட்ஸ்அப் வெப் போதும். ஸ்டீமில் நிறைய கேம்கள் ஓடும். வேலரன்ட் ஓடாது, பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே மின்ட் 21 வைத்திருக்கிறேன். உடனே மாற வேண்டுமா?

வேண்டாம். அதற்கு 2027 வரை அப்டேட் உண்டு. 22 அல்லது 22.1 வைத்திருப்பவர்கள் அப்டேட் மேனேஜரிலிருந்தே 22 வரிசையின் புதிய பதிப்புக்குப் போகலாம், அரைமணி நேர வேலை. எதுவானாலும் முதலில் மின்ட்டிலேயே உள்ள டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நகல்) எடுங்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைக் காப்பாற்றும், உங்கள் படங்களை அல்ல. அவற்றுக்கு வெளி டிஸ்க்தான்.

பிள்ளைக்கு இது பள்ளியில் உதவுமா?

களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளைக் கேளுங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான். கைட் என்ற அமைப்பு உபுண்டுவை வைத்துத் தனிப் பதிப்பே தருகிறது. விடுமுறைக்கு வந்த என் அக்காள் மகள் எனக்கே தெரியாத இரண்டு குறுக்குவழிகளைக் காட்டிவிட்டுப் போனாள். தமிழில் படிக்க 2012-இலிருந்து வருகிற கணியம் மின்னிதழ் இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தேன், எனக்குச் சரிப்படவில்லை. இப்போது பென் டிரைவை விண்டோஸில் செருகினால் ஃபார்மட் கேட்கிறது, அளவும் குறைவாகக் காட்டுகிறது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. லினக்ஸ் எழுதிய அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ரூஃபஸைத் திறந்து, பூட் தேர்வில் 'நான் பூட்டபிள்' என்று வைத்து ஸ்டார்ட் அமுக்குங்கள். பழைய அளவு முழுசாகத் திரும்பிவிடும். டிரைவ் எழுத்தைப் பார்த்து அமுக்குங்கள். பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் அதை முதலில் உருவிவிடுங்கள்.